ஹார்பர்லயும் கப்பல்லயும் படம் எடுக்கப் போறீங்களா, போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டுப் போங்க

கல்யாணம், விளம்பரம்னு எடுத்துட்டிருந்த தம்பிங்க நிறைய பேர் இப்ப இண்டஸ்ட்ரியல் பக்கம் வர்றாங்க. ஹார்பர் வேலை ஒண்ணு கிடைச்சதும் முதல் கேள்வியே எந்த லென்ஸ் எடுத்துட்டுப் போகணும்ங்கிறதா தான் இருக்கு. லென்ஸை அப்புறம் பாப்போம். தூத்துக்குடி, எண்ணூர், சென்னை மூணு ஹார்பர்லயும் எடுத்ததுல எனக்குப் புரிஞ்சது, அங்க உங்களுக்காக எந்த வேலையும் நிக்காது, நிக்கவும் கூடாது, ஏன்னா கப்பல் பெர்த்துல, அதாவது கரையோரம் கட்டி நிக்கிற இடத்துல, கிடக்குற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் யாரோ ஒருத்தர் காசு கட்டிட்டிருக்காங்க. அந்த வேலை எந்த வரிசைல நடக்குதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு நடுவுல யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு பத்திரமான இடத்தைப் புடிச்சு நிக்கிறது தான் இந்தத் தொழில்ல பாதி. கேமராவைத் தூக்குறது மீதி.

முதல்ல அனுமதி. 2004 ஜூலை 1ல இருந்து ஐஎஸ்பிஎஸ்னு ஒரு சர்வதேச பாதுகாப்பு விதி உலகம் பூரா துறைமுகங்கள்ல நடைமுறைல இருக்கு, நம்ம பெரிய துறைமுகங்கள்ல கேட்ல நிக்கிறது சிஐஎஸ்எஃப்ங்கிற மத்திய தொழில் பாதுகாப்புப் படை. சும்மா விசிட்டர் பாஸ் வாங்கிட்டு உள்ள போய் கேமராவை எடுத்தா நேரா ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. உங்களை வேலைக்குக் கூப்பிட்ட கம்பெனி மூலமா எழுத்துல அனுமதி வாங்குங்க, அதுல தேதி, எந்த பெர்த், எத்தனை பேர், கேமரா லென்ஸ் எல்லாத்தோட சீரியல் நம்பர் வரைக்கும் இருக்கட்டும், ரெண்டு மூணு காப்பி கைல வச்சுக்குங்க. நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. போர்ட் பாஸ் இருக்குங்கிறதுக்காகக் கப்பல்ல ஏற முடியாது, கப்பலுக்கு கேப்டன் தனியா சம்மதிக்கணும், கஸ்டம்ஸ் பக்கமும் கேக்கணும், இதெல்லாம் கப்பலோட ஏஜென்ட் வழியா தான் நடக்கும். அதனால ஏஜென்ட் ஆபீஸ்ல இருக்கிறவர்கிட்ட ஒரு வாரம் முன்னாடியே பேசிடுங்க. அப்பவும் கப்பல் சொன்ன தேதிக்கு வராது, ரெண்டு நாள் முன்ன பின்ன ஆகும், உங்க கொட்டேஷன்ல அந்தக் காத்திருப்பு நாளுக்கும் சேத்து எழுதிடுங்க. பாதுகாப்பு லெவல் 1ல இருந்து 2க்கு ஏத்திட்டாங்கன்னா ஷூட் அனேகமா கேன்சல் தான், வாதாடாதீங்க. நேவி கப்பல், கோஸ்ட் கார்டு கப்பல் ஃப்ரேம்ல தூரத்துல கூட வர வேணாம். ட்ரோனுக்கு இது எதுவுமே போதாது, அதுக்குத் தனி அனுமதி வேணும்.

அடுத்தது நிக்கிற இடம். நான் இதைத் தான் ரொம்ப நேரம் பேசுவேன், ஏன்னா இங்க தப்பு பண்ணா அதைத் திருத்த இன்னொரு நாள் கிடைக்காது. ஹெல்மெட், ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், இரும்பு முனை வச்ச ஷூ எல்லாம் கேட்லயே பாப்பாங்க, அதை விட முக்கியம் ஒரு பழக்கம்: வ்யூஃபைண்டர்ல கண்ணை வச்சுக்கிட்டு ஒரு அடி கூட நடக்காதீங்க. நடக்கும்போது கேமரா கீழ. நிக்கணும், சுத்தி ஒரு தடவை பாக்கணும், அப்புறம் தான் தூக்கணும். க்ரேன் தண்டவாளத்துக்கு நடுவுல நிக்காதீங்க, அவ்வளவு பெரிய க்ரேன் ஹூட்டர் அடிச்சுக்கிட்டு மெதுவா தான் நகரும், ஆனா நீங்க ஃப்ரேம்ல மூழ்கி இருக்கும்போது அந்த ஹூட்டர் காதுல விழாது. கண்டெய்னரைத் தூக்கி அடுக்குற வண்டி, அதாவது ரீச் ஸ்டாக்கர், ஓட்டுறவருக்குப் பின்னாடி யார் நிக்கிறாங்கன்னு சரியாத் தெரியாது, அவர் உங்களைப் பாத்து கையசைச்சா தான் நீங்க அங்க இருக்கிறதா அர்த்தம். தொங்குற சரக்குக்குக் கீழ எந்தப் படமும் கிடையாது, எவ்வளவு நல்ல ஆங்கிளா இருந்தாலும் சரி. ஹேட்ச், அதாவது சரக்கு அறையோட மேல் வாய், ஓரத்துல நிக்கிறப்ப பாக்கெட்ல பேனா, சில்லறை, லென்ஸ் மூடி எதுவும் இருக்கக் கூடாது, கேமராவை உடம்போட சேத்துக் கட்டியிருக்கணும். கீழ ஹோல்டுல, அதாவது சரக்கு அறைல, ஆள் வேலை பாத்துட்டிருப்பாங்க, அந்த உயரத்துல இருந்து விழுற ஒரு லென்ஸ் போதும் உயிர் போறதுக்கு.

கப்பல் கட்டுற நேரம், அதாவது மூரிங், எல்லாருக்கும் எடுக்கணும்னு ஆசை வரும். எனக்கும் ரொம்பப் புடிக்கும். டெக் ஆளுங்களோட தலைவர் போசன் கையைத் தூக்குவார், கயிறு இழுக்கிற விஞ்ச் நிக்கும், கயிறு பொல்லார்டுங்கிற இரும்புத் தூண்ல ஒரு சுத்து இறுகி உள்ள இருக்கிற தண்ணி முத்து முத்தா வெளிய வரும், அப்ப ஒரு முனகல் சத்தம் கேக்கும் பாருங்க, அந்தக் கயிறு அறுந்தா திரும்பி அடிக்கிற வேகத்துக்கு முன்னாடி யாரும் ஒதுங்க முடியாது. முன்னாடியெல்லாம் டெக்ல கோடு போட்டு அதுக்குள்ள தான் ஆபத்துன்னு வச்சிருந்தாங்க, இப்ப மூரிங் டெக் முழுசையுமே ஆபத்தான இடமா எடுத்துக்கச் சொல்றாங்க. அதனால கீழ போகாம பிரிட்ஜ் விங்ல, அதாவது கப்பலை ஓட்டுற அறையோட பக்கவாட்டு மேடைல, இருந்து 70-200 லென்ஸ் போட்டு எடுங்க. மேல இருந்து பாக்கும்போது கயிறு, ஆட்கள், டக் போட்னு அந்த மொத்த அமைப்பும் தெரியும், கிட்டப் போனா கிடைக்காத படம் அது.

நிலக்கரி, மரக்கட்டை ஏத்தின ஹோல்டுக்குள்ள, அதுக்கு இறங்குற ஏணி அறைக்குள்ள கூட, சும்மா எட்டிப் பாத்துட்டு வர்றேன்னு இறங்கவே இறங்காதீங்க. சரக்கே ஆக்சிஜனை உறிஞ்சிடும். வெளிக்காத்துல 20.9 சதவீதம் இருக்கிற ஆக்சிஜன் உள்ள எவ்வளவு இருக்குன்னு மீட்டர் வச்சுப் பாத்து, சீஃப் ஆபீசர் பெர்மிட் எழுதினதுக்கு அப்புறம் தான் யாருமே இறங்கணும். மேல ஹேட்ச் திறந்து தானே இருக்குன்னு ஏணி அறைல இறங்கி செத்தவங்க உண்டு. எண்ணெய் ஏத்துற டேங்கர் கப்பல்ல சட்டம் இன்னும் கடுமை, டெக்ல சாதாரண கேமரா, ஃப்ளாஷ், மொபைல் எதுவுமே கூடாது, பேட்டரில இருந்து வர்ற ஒரு பொறி போதும். டேங்கர் படம் வேணும்னா டெர்மினல் அனுமதியோட தள்ளி நின்னு எடுங்க, இல்ல கப்பலோட குடியிருப்புப் பகுதிக்குள்ள எடுங்க.

சரி, இப்ப வெளிச்சம். நம்ம கிழக்குக் கரைல சூரியன் கடல் பக்கம் இருந்து வருது, அதனால கடலைப் பாத்து நின்னா காலைல கப்பல் நிழலுருவமா தான் தெரியும். க்ரேன் வரிசையோட அவுட்லைன் வேணும்னா அந்த நேரம் தங்கம், கப்பலோட நிறமும் பேரும் தெரியணும்னா சாயங்காலம் மூணரைக்கு மேல வாங்க. ஒவ்வொரு பெர்த்தும் ஒவ்வொரு திசைல இருக்கும்ங்கிறதால பெர்த் நம்பர் தெரிஞ்சதும் மேப்ல பாத்து வச்சுக்குங்க. சூரியன் மறைஞ்சு வானம் நீலமா இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் தான் எல்லாத்துலயும் அழகு, க்ரேன் லைட் எரிஞ்சிருக்கும், வானத்துலயும் நிறம் இருக்கும். அதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே ட்ரைபாடோட தயாரா நிக்கணும். தரைல ட்ரைபாட் அசையாது, ஆனா கப்பல் லேசா ஆடிட்டே இருக்கும், சரக்கு இறங்க இறங்க மேல எழும்பும், அதனால முப்பது செகண்ட் எக்ஸ்போஷர் வச்சா க்ரேன் கூர்மையா இருந்து கப்பல் மட்டும் கலங்கியிருக்கும். ஐஎஸ்ஓவை ஏத்தி ரெண்டு மூணு செகண்டுல முடிச்சுடுங்க.

ஃப்ளாஷ் நான் டெக்ல போடுறதே இல்ல. க்ரேன் ஆபரேட்டர் கண்ணு கூசும், அது ஒண்ணு. இன்னொண்ணு, ஜாக்கெட்ல இருக்கிற ரிஃப்ளெக்டர் பட்டை ஃப்ளாஷ் பட்டதும் வெள்ளை வெளேர்னு எரிஞ்சு மனுஷன் முகமே தெரியாமப் போயிடும். ராத்திரி ஓடுற கப்பல்ல பிரிட்ஜ்ல ஃப்ளாஷ் மட்டும் இல்ல, கேமரா ஸ்க்ரீன் வெளிச்சம் கூட ஆகாது. கப்பல் ஓட்டுறவங்களோட இருட்டுக்குப் பழகுன கண்ணைக் கெடுத்துட்டா அவங்க மறுபடி வெளிய சரியாப் பாக்க இருபது நிமிஷத்துக்கு மேல ஆகும்.

நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், கரைல கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கப்பல்ல பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ். கரைல லைட் வெளிச்சத்துல 1/50, 1/100 வச்சா கோடு கோடா வராது, அதே செட்டிங்கோட எஞ்சின் ரூமுக்குள்ள போனா பட்டை பட்டையா விழும், அங்க 1/60 இல்லைன்னா 1/125க்கு மாத்துங்க.

எஞ்சின் ரூம்ல ஒரு நாள் நான் இழந்த படம் இன்னும் மனசுல நிக்குது. மெயின் எஞ்சின்ல ஒரு பிஸ்டனை வெளிய இழுக்கப் போறாங்கன்னு சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க, நான் அது வரைக்கும் ஏசி ரூம்ல உக்காந்திருந்தேன். உள்ள நாப்பது டிகிரிக்கு மேல, கதவைத் திறந்ததும் லென்ஸ் முழுக்கப் பனி. துடைக்கத் துடைக்க மறுபடி படியுது. அதுக்குள்ள மேல இருக்கிற க்ரேன்ல ஆள் உயரத்துக்கு மேல இருக்கிற அந்தப் பிஸ்டன், எண்ணெய் சொட்டச் சொட்ட அது ஓடுற குழாயான லைனர்ல இருந்து எழும்பி வந்து ஸ்டாண்டுல உக்காந்துடுச்சு. அன்னைல இருந்து ஏசில இருக்கும்போதே கேமராவை ஜிப் போட்ட பிளாஸ்டிக் பைல காத்து போகாம மூடி, எஞ்சின் ரூம் ஒர்க்‌ஷாப்ல அரை மணி நேரம் முன்னாடியே வச்சுடுவேன், சூடேறின அப்புறம் தான் பையைத் திறப்பேன். எஞ்சின் ஓடும்போது ட்ரைபாட் வேணாம், தரை அதிர்வு அப்படியே மேல ஏறும், முட்டியைக் கொஞ்சம் மடக்கி கைல புடிச்சு 1/125ல எடுங்க. காதுக்கு மஃப் கட்டாயம். கழுத்துல தொங்குற ஸ்ட்ராப்பைக் கழட்டிட்டு மணிக்கட்டு ஸ்ட்ராப் போட்டுக்குங்க, சுத்துற ஷாஃப்ட் எதையும் விடாது.

ஆளுங்களைப் படம் எடுக்கிறதுல அவசரம் வேணாம். கண்டெய்னர் கட்டுற லாஷிங் ஆளைப் பாருங்க, அந்த நீளக் கம்பியை ரெண்டு கையால தூக்கிக் கண்டெய்னர் மூலைல இருக்கிற ஓட்டைல ஒரே வீச்சுல மாட்டுவார், கண்ணு மேல, ஒரு கால் பின்னால ஊன்றியிருக்கும், முன்கை நரம்பு புடைச்சு நிக்கும். அது அரை செகண்டு தான், ஆனா ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப பண்ணிட்டிருப்பார். நாலு தடவை கேமராவை இறக்கி வச்சுட்டுப் பாருங்க, அஞ்சாவது தடவை எடுங்க. "அண்ணே, உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா"ன்னு வேலை இடைவெளில கேளுங்க, எடுத்ததைக் காட்டுங்க. ஷிஃப்ட் மாறுற நேரம் முகங்கள் எடுக்க நல்ல நேரம், எல்லாரும் கொஞ்சம் நின்னு பேசுவாங்க.

எடுத்த படம் செல்லுபடியாகணும்னா கம்பெனி சேஃப்டி ஆபீசரை ஷூட்டுக்கு முன்னாடியே பாத்துடுங்க. ஃப்ரேம் ஓரத்துல ஒருத்தர் ஹெல்மெட் நாடி வாரைப் போடாம நின்னா கூட அந்தப் படத்தை அவங்க வெளிய விட மாட்டாங்க, உங்க ஒரு நாள் உழைப்பு வீண். பிரிட்ஜ்ல ஸ்க்ரீன், மேஜைல கிடக்குற பேப்பர், கண்டெய்னர் சீல் நம்பர் இதெல்லாம் படிக்கிற மாதிரி வராம பாத்துக்குங்க. கேப்ஷனுக்குக் கப்பல் பேரோட ஏழு இலக்க ஐஎம்ஓ நம்பரையும், அதாவது கப்பலோட சர்வதேச அடையாள எண்ணையும், குறிச்சு வச்சுக்குங்க, பேர் மாறினாலும் அந்த நம்பர் மாறாது.

லென்ஸ் பத்தி இப்ப சொல்றேன், ரெண்டு பாடில ஒண்ணுல 24-70, ஒண்ணுல 70-200, அவ்வளவு தான். தூத்துக்குடில கரி இறங்குற பெர்த்துல லென்ஸ் மாத்தினா சென்சார் அன்னைக்கே போச்சு. ராத்திரி ரூமுக்கு வந்ததும் கரித்தூளை முதல்ல ப்ளோயர்ல ஊதுங்க, அப்புறம் பிரஷ், காஞ்ச துணியால தேச்சா கண்ணாடி கீறிடும். பாடில படிஞ்ச உப்புக்கு நல்ல தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணி போதும்.

வெளிய வரும்போது கேட்ல அந்த சீரியல் நம்பர் லிஸ்டை வச்சு மறுபடி சரி பாப்பாங்க. அதுக்கு முன்னாடி பெர்த்துலயே நீங்க ஒரு தடவை எண்ணிடுங்க, மூடி, பேட்டரி, கார்டு எல்லாம். லென்ஸ் மூடி ஒண்ணு குறைஞ்சா கூட ஃபோர்மேன்கிட்ட எங்க விழுந்திருக்கும்னு சொல்லிட்டு வாங்க, அது ஹேட்ச் ஓரத்துல ஆடிட்டு கிடந்தா கீழ இருக்கிறவருக்குத் தெரியாது.