கண்டச்சரிவின் கடலடித் தரவை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டத்திட்டையும் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) கண்டச்சரிவையும் (அதன் விளிம்பிலிருந்து ஆழ்கடலுக்கு இறங்கும் சரிவு) குழப்பிக்கொள்வது, கடல்மைலைக் கிலோமீட்டராக எடுத்துக்கொள்வது போன்ற பிழைகளை இங்கே தொடவில்லை. அவை முதல் மாதத்திலேயே தாமாகத் திருந்திவிடும். திருந்தாமல் தங்கிவிடுபவை வேறு. கடலடித் தரவை வாசிக்கப் பழகுகிறவர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில் சறுக்குகிறார்கள். எங்கள் தலைமுறை சறுக்கியதும் அங்கேதான்.

நேரத்தை ஆழமாக வாசிப்பது

எதிரொலிகளைக் கொண்டு கடலடிக்குக் கீழே உள்ளதை வரையும் சீஸ்மிக் வெட்டுமுகத்தின் செங்குத்து அச்சில் இருப்பது வினாடி, மீட்டர் அல்ல. ஏர்கன் (அழுத்தக் காற்றை நீரில் வெடிக்கவிடும் கருவி) எழுப்பிய ஒலி கீழே போய்ப் பாறையில் மோதித் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் அது. கேட்டால் எல்லோரும் சரியாகத்தான் சொல்வார்கள். ஆனால் வண்ணப் படத்தைத் திரையில் விரித்த கணமே கண் அதை மண்ணின் குறுக்குவெட்டாகப் பார்க்கத் தொடங்கிவிடும்.

கடலடி தட்டையாக இருக்கும் இடத்தில் இதனால் பெரிய கேடில்லை. கண்டச்சரிவில் நீரின் ஆழம் சில பத்துக் கிலோமீட்டருக்குள் 100 மீட்டரிலிருந்து 2,000, 3,000 மீட்டர் வரை இறங்குகிறது. நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். இறுகிய வண்டலில் 2,000 முதல் 3,000 வரை போகும். நீர் கூடக் கூடப் பயணம் மெதுவாகும், கீழே இருப்பதெல்லாம் படத்தில் தாழ்ந்துபோகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் ஆழத்தில், துளியும் சாயாத ஒரு பாறை அடுக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டலின் வேகம் 2,500. திட்டின் மேல், 100 மீட்டர் நீரில், அந்த அடுக்கின் எதிரொலி 3.25 வினாடியில் வரும். சரிவில், 1,500 மீட்டர் நீரில், 4.00 வினாடியில் வரும். தட்டையான அடுக்கு முக்கால் வினாடி கடல்பக்கம் சாய்ந்து நிற்கிறது! மீட்டராக்கினால் 900க்கு மேல். உண்மையில் கரைப்பக்கம் மெல்லச் சாயும் ஒரு அடுக்கு, இந்தப் படத்தில் கடல்பக்கம் சாய்வதாகத் தெரியும். எண்ணெய் தேங்கக்கூடிய கவிழ்ந்த கிண்ணம் இருந்தும் கண்ணில் படாது.

பள்ளத்தாக்குகள் வெட்டிய சரிவில் நிலைமை இன்னும் மோசம். புதுச்சேரி, கடலூருக்கு எதிரே உள்ள கண்டச்சரிவு அப்படிப்பட்டது. 400 மீட்டர் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 400 மீட்டரை ஒலி நீர்வழியே போய்த் திரும்ப 0.53 வினாடி, பக்கத்து மேட்டில், 2,000 வேகமுள்ள வண்டல்வழியே, 0.40 வினாடி. வித்தியாசம் 0.13. பள்ளத்தாக்கின் அடியில் உள்ள ஒவ்வோர் அடுக்கும் அந்த அளவுக்குத் தொய்ந்து காட்டும். 2,500 வேகத்தில் அது 160 மீட்டருக்கு மேல். இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே ஓர் அழகான மேடு தோன்றும். அந்த மேட்டுக்குக் கிணறு முன்மொழிகிறார்கள். ஆழ்கடலில் ஒரு கிணற்றுக்குப் பல கோடி டாலர் செலவாகும்; தோண்டினால் அங்கே மேடே இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க மென்பொருள்கூட வேண்டாம். கடலடியின் நிழல் கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான மடிப்பும் பிளவும் ஆழத்துக்கு ஆழம் மாறும்: ஓரிடத்தில் பெருக்கும், ஓரிடத்தில் மறையும். பொய்த் தொய்வு பள்ளத்தாக்கின் நேர்கீழே, மேலிருந்து அடிப்பாறை வரை, கிட்டத்தட்ட ஒரே மில்லிவினாடி அளவில் தொடரும். அப்படித் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

எங்களுக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதற்கு அடுத்த படி. கடல்மட்டத்திலிருந்து தொடங்கும் ஒரே வேக அட்டவணையால் முழுப் படத்தையும் பெருக்கிவிட்டு, "ஆழத்துக்கு மாற்றியாயிற்று" என்கிறார்கள். அச்சில் மீட்டர் என்று எழுதியிருக்கும், பொய் மேடு அப்படியே இருக்கும். வேகத்தைக் கடலடியிலிருந்து தொங்கவிட வேண்டும். முதலில் நீர், அதற்கு அந்தப் பகுதியில் அளந்த ஒலிவேகம். பிறகு கடலடிக்குக் கீழே, இறுக்கத்துக்கேற்ப வேகம் கூடும் இரண்டு மூன்று வண்டல் அடுக்குகளாவது. அருகில் கிணறு இருந்தால் அதில் அளந்த நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

ஒரே புள்ளியிலிருந்து வந்த பல எதிரொலிகளை அடுக்கிச் சேர்க்கும்போது கிடைக்கும் வேகங்களையும் பள்ளத்தாக்கின் கீழே நம்பாதீர்கள். கப்பல் இழுத்துச் செல்லும் ஹைட்ரோபோன் (நீருக்கடி ஒலிவாங்கி) கேபிள் 6 கிலோமீட்டர் நீளம் என்றால், ஒரே புள்ளிக்கான கதிர்களில் சில பள்ளத்தாக்கு வழியாகவும் சில கரைமேடு வழியாகவும் வரும். அடுக்குகள் தட்டை என்ற அனுமானம் அங்கே உடைகிறது. வேகம் பள்ளத்தாக்கின் இருபுறமும் ஏறி இறங்கும். அதைப் பாறை மாற்றம் என்று வாசிக்கக் கூடாது. அங்கே அடுக்கிச் சேர்ப்பதற்கு முன்பே எதிரொலிகளை அவற்றின் உண்மையான இடத்துக்கு ஆழத்தில் இடம்பெயர்க்கும் கணக்கீடுதான் சரிப்படும்.

புதைந்த பழைய பள்ளத்தாக்குகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மென்களி நிரம்பியிருந்தால் கீழே தொய்வு, சுண்ணாம்பு நிரம்பியிருந்தால் கீழே எழுச்சி. கடலடி தட்டையாக இருப்பதால் யாரும் சந்தேகிப்பதில்லை.

செங்குத்து மிகைப்பை மறப்பது

செங்குத்து மிகைப்பு என்பது படத்தில் அகலத்தைவிட உயரத்தை இழுத்து வரைவது. கண்டச்சரிவின் சராசரிச் சாய்வு சுமார் 4 டிகிரிதான். 20 மடங்கு மிகைப்பில் வரைந்தால் 54 டிகிரி மலைமுகமாகத் தெரியும். தோற்றச் சாய்வின் டான்ஜென்ட்டை மிகைப்பால் வகுத்து உண்மைச் சாய்வைப் படத்தின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். இல்லையென்றால் "செங்குத்தான இடம்தான் சரியும்" என்ற நம்பிக்கை வந்துவிடும். நார்வேக்கு அப்பால் ஸ்டோரெக்காவில் சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 3,000 கன கிலோமீட்டர் வண்டல் சரிந்தது. அந்தச் சரிவின் சாய்வு பெரும்பகுதி 1 டிகிரி அளவே. பனியாறுகள் வேகமாகக் கொட்டிய சுமையின் கீழே, மென்களியில் சிக்கிய நீரின் அழுத்தம்தான் அதைத் தளர்த்தியது.

வலைத்தரவை அளவீடாக நம்புவது

உலகக் கடலடி ஆழத் தரவான ஜெப்கோ வலையின் கட்டம் 15 ஆர்க் வினாடி, அதாவது ஏறத்தாழ 450 மீட்டர். ஒவ்வொரு கட்டத்திலும் கப்பல் போயிருக்கிறது என்று பொருளல்ல. பெரும்பகுதி செயற்கைக்கோள் ஈர்ப்புத் தரவிலிருந்து ஊகித்த ஆழம். கூடவே தரும் மூலவகை வலையைத் திறந்து பாருங்கள்: 11 என்றால் மல்டிபீம் (கப்பலிலிருந்து பல ஒலிக்கற்றைகளால் அளந்தது), 40 என்றால் ஊகம். 2009இல் கூகுள் எர்த்தில் கேனரித் தீவுகளுக்கு அருகே கட்டம் கட்டமாகத் தெரிந்த கோடுகளை அட்லாண்டிஸ் நகரத்தின் தெருக்கள் என்றார்கள். அவை ஆய்வுக் கப்பல்கள் போய்வந்த தடங்கள். இதே தடங்களைக் கண்டச்சரிவில் பிளவுக்கோடு என்று வரைந்த மாணவர் வரைபடங்கள் இன்றும் வருகின்றன.

இரட்டை எதிரொலி

கடலடி 2 வினாடியில் இருந்தால், 4 வினாடியில் இரு மடங்கு சாய்வோடு தெரியும் கோடு பாறை அல்ல; நீர்ப்பரப்புக்கும் கடலடிக்கும் இடையே இரண்டு முறை போய்வந்த ஒலி.

பி.எஸ்.ஆர். இருந்தால்தான் ஹைட்ரேட் என்பது

பி.எஸ்.ஆர். என்பது கடலடிக்குக் கீழே, அதன் வடிவத்தையே பின்பற்றித் தெரியும் எதிரொலிக் கோடு. ஹைட்ரேட் என்பது நீரும் மீத்தேன் போன்ற வாயுவும் சேர்ந்து உறைந்த, பனிக்கட்டி போன்ற பொருள். 1995இல் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அப்பால் பிளேக் முகட்டில் 994ஆம் இடத்தைத் துளைத்தபோது பி.எஸ்.ஆர். இல்லாத இடத்திலேயே ஹைட்ரேட் கிடைத்தது. அந்த எதிரொலி பெரும்பாலும் அடியில் தங்கிய வாயுவைத்தான் காட்டுகிறது. அதன் முனைவு (அலை முதலில் மேலே போகிறதா கீழே போகிறதா என்பது) கடலடிக்கு எதிராக இருக்கிறதா என்றும் பாருங்கள்; ஒரே பக்கமாக இருந்தால் சிலிக்கா உருமாறும் எல்லையாக இருக்கலாம்.

பள்ளத்தாக்கு என்றாலே ஆறு என்பது

20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆறு வெட்டியிருந்தால் அந்த ஆழம் வரைதான். 2,000 மீட்டருக்குக் கீழும் தொடரும் வெட்டு வண்டல் பெருக்கின் (வண்டல் கலந்த கனமான நீர் சரிவில் பாய்ந்திறங்கும் ஓட்டம்) வேலை. 1929 நவம்பர் 18இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் நடந்த நிலநடுக்கத்துக்குப் பின், சரிவுக்குக் கீழே இருந்த தந்திக் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. அறுந்த நேரங்களை வரிசைப்படுத்தி, கேபிள்களின் தூரத்தோடு சேர்த்து, கடலாய்வாளர்கள் ஹீசனும் யூயிங்கும் 1952இல் அந்தப் பெருக்கின் வேகத்தைக் கணக்கிட்டார்கள்.