எக்ஸ்ரேல கருப்பா தெரியதெல்லாம் சொத்தை இல்ல மக்கா: பல் டாக்டருக்குப் படிக்கிற பிடிஎஸ் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கது எப்படி

தேர்ட் இயர்ல போஸ்டிங் வர்ற பிள்ளைங்க கையில மொதல்லயே சொத்தை உள்ள படத்தைக் குடுக்காதீங்க. நல்ல பல்லு படத்தைக் குடுங்க, பல்லோட வெளி ஓடு எனாமல் எங்க, அதுக்கு உள்ள இருக்க டென்டின் எங்க, ரெண்டும் சேர்ற கோடு டிஇஜே எங்க, நடுவுல நரம்பு உள்ள பல்ப் எங்க, எலும்போட மேல்விளிம்பு எங்கன்னு விரல் வச்சு காட்டச் சொல்லுங்க. இது வராம அடுத்ததுக்குப் போனா கருப்பா கண்டதையெல்லாம் சொத்தைன்னு கேஸ் ஷீட்டுல எழுதிருவாங்க, அப்புறம் நல்ல பல்லை குடைஞ்சு வைப்பாங்க.

பல்லுக்கு இடையில உள்ள சொத்தைக்கு பைட்விங், அதாவது ஃபிலிம் ஹோல்டரைக் கடிச்சுப் பிடிக்கச் சொல்லி எடுக்குற எக்ஸ்ரே தான் சரி. பக்கத்து பக்கத்துப் பல்லோட எனாமல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னா எக்ஸ்ரே கதிரோட ஹரிசான்டல் ஆங்கிள் தப்பிப்போச்சுன்னு அர்த்தம், அந்த இடத்தைப் பத்தி பேசவே விடாதீங்க.

இடைச்சொத்தை ஆரம்பிக்கது ரெண்டு பல்லும் தொடுற இடத்துக்கு கொஞ்சம் கீழ. எனாமல்ல முக்கோணமா இருக்கும், அகலம் வெளிப்பக்கம், நுனி டிஇஜே பக்கம். டிஇஜேய தாண்டினா அந்தக் கோட்டுலயே பரவி, இன்னொரு முக்கோணம் பல்பைப் பாத்து இறங்கும். இதை வாயால சொன்னா மண்டையில ஏறாது, பென்சில் குடுத்து வரையச் சொல்லுங்க. பிறகு கிரேடு: எனாமல் வெளிப்பாதி இ1, உள்பாதி இ2, டென்டினை மூணா பிரிச்சு வெளிய இருந்து டி1, டி2, டி3. சுமார் 30 முதல் 40 சதவீதம் மினரல் போனாத்தான் படத்துல தெரியும், அதனால நெஜ சொத்தை படத்துல உள்ளதை விட ஆழமாத்தான் இருக்கும். அதுக்காக இ1 பாத்த உடனே டிரில் எடுக்கக் கூடாது கேட்டேளா, ஃபுளோரைடு போட்டு, தேய்க்கச் சொல்லிக்குடுத்து, கண்காணிக்க வேண்டியது அது.

கடவாப்பல்லோட மேல்பரப்புல எனாமலோட மட்டும் நிக்கிற சொத்தை படத்துல பெரும்பாலும் தெரியாது, பல்லை உலர்த்தி நல்ல வெளிச்சத்துல கண்ணால பாக்கணும்.

அடுத்து ஏமாத்துற சமாச்சாரம், இங்கதான் நேரம் செலவழிக்கணும். எனாமல் முடியுற இடத்துக்கும் எலும்புக்கும் நடுவுல பல்லு கழுத்துல ஒரு மங்கலான கருப்பு வரும், அது சொத்தை இல்ல, சர்வைக்கல் பர்ன்அவுட், வேற ஆங்கிள்ல எடுத்த படம் இருந்தா அதுல காணாம போயிருக்கும். பளிச்சுன்னு உள்ள எனாமலுக்கு அடியில மெல்லிசா ஒரு கருப்புக் கோடு தெரிஞ்சா அது மாக் பேண்டா இருக்கலாம், வெளுப்பும் கருப்பும் சேர்ற இடத்துல நம்ம கண்ணு ஏமாந்து பாக்குற கோடு. ஒரு பேப்பர் விளிம்பால எனாமல் பகுதியை மட்டும் மறைச்சுப் பாக்கச் சொல்லுங்க, கோடு மறைஞ்சா மாக் பேண்டு, அப்படியே நின்னா சொத்தையான்னு யோசிக்கணும். இதைச் செஞ்சு காட்டும்போது பிள்ளைங்க முகத்தைப் பாக்கணுமே!

படம் வாசிக்கும்போது நோயாளி சொன்னதை மறைச்சு வைங்க. மார்த்தாண்டத்துல இருந்து வர்ற அம்மச்சி "எடப்பக்கம் கூசுது டாக்டரே"ன்னு சொன்னது காதுல விழுந்தா போதும், எடப்பக்கம் எல்லாப் பல்லுலயும் சொத்தை கண்டுபிடிச்சிருவாங்க. மொதல்ல எழுதட்டும், பிறகு நோயாளி இருக்க சேருக்குக் கூட்டிட்டு போங்க. அங்க பாத்தா, காலங்காலமா உமிக்கரி வச்சு தேய்ச்சதுல பல்லு கழுத்துல வெட்டு விழுந்திருக்கும், தொட்டா கெட்டியா வழுவழுன்னு இருக்கும். படத்துல கழுத்துல தெரிஞ்ச கருப்பு அதுதான், அப்ரேஷன், தேய்ச்சு வந்த தேய்மானம். மார்க் போடும்போது "சொத்தை இல்ல"ன்னு சரியா எழுதினவனுக்கும் முழு மார்க் குடுங்க, இல்லேன்னா எவனும் அதை எழுத மாட்டான்.