கூட்டமில்லாம கடமான் பாக்கணுமா, நீலகிரிக்கு இப்படி பிளான் பண்ணுங்க

அந்தக் காலத்துல வெள்ளைக்கார வேட்டைக்காரங்க நம்ம கடமானைத்தான் எல்க்னு வெளிநாட்டு மான் பேரச் சொல்லி சுட்டுத் தள்ளுனாங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் துப்பாக்கிக்கு வேலையே இல்ல, கேமராவும் பைனாகுலரும் போதும்.

ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்துல ஊட்டியே திணறும். டிசம்பர், ஜனவரில வார நாளா பாத்து வாங்க, உறைபனி விழும், ஸ்வெட்டர் கட்டாயம். நீலகிரிக்குள்ள வண்டி நுழையறதுக்கான இ-பாஸ் முன்னாடியே எடுத்துருங்க.

ஊட்டிக்குக் கிட்ட இருக்குற அவலாஞ்சி பக்கம் வனத்துறை வண்டியிலதான் உள்ள போகணும், முதல் வண்டியப் பிடிங்க. அனுமதி இல்லாம சோலைக்காட்டுக்குள்ள கால் வைக்காதீங்க, காட்டெருமை எதிர்ல வந்தா ஓட வழி இருக்காது.

கடமான் விடியக்காலையிலயும் அந்தி சாயுற நேரத்துலயும்தான் சோலைய விட்டு புல்வெளி ஓரம் வரும், அதனால பாக்க வேண்டியது புல்வெளி நடுவுல இல்ல, மரம் ஆரம்பிக்கிற அந்த இருட்டு விளிம்பத்தான். காத்து உங்க முகத்துல அடிக்கிற மாதிரி நில்லுங்க, முதுகுல அடிச்சா உங்க வாசம் முன்னாடியே போய்ச் சேந்துடும், சென்ட் அடிக்கவே கூடாது. மொதல்ல காதுதான் அசையும். நம்மளப் பாத்துட்டா வால் நிமிரும், முன்னங்காலால தரையத் தட்டும், 'பாங்க்'னு ஒரு எச்சரிக்கைச் சத்தம் போடும், அப்போ அப்படியே நின்னுடுங்க, கிட்டப் போகாதீங்க. அந்தச் சத்தம் உங்களுக்காக இல்லாம புலிக்காகவும் இருக்கலாம்.