கால்டெகாட் பதக்கத்தை வகுப்பறையில் கொண்டாடுவது எப்படி?

அமெரிக்க நூலகச் சங்கம் 1938 முதல் ஆண்டுதோறும் வழங்கிவரும் கால்டெகாட் பதக்கம், சிறுவர் படநூலின் கதைக்கு அன்றி அதன் ஓவியத்துக்கே உரியது என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஜனவரியில் முடிவு வெளியாகும் என்பதால், அவ்வாண்டு அமெரிக்காவில் வெளிவந்த படநூல்களில் ஏழெட்டை டிசம்பரிலேயே நூலகத்தில் இரவல் பெற்றுவிடுவது நல்லது.

முதன்முறை எழுத்துகளைத் தாளால் மறைத்துப் படங்களை மட்டும் காட்டுங்கள். மேலுறையைக் கழற்றினால் அட்டையில் வேறொரு படம் ஒளிந்திருப்பதும் உண்டு, அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம். பின்னர், தேர்வுக்குழுவைப் போலவே, முதல் தெரிவுக்கு 4, அடுத்ததற்கு 3, மூன்றாவதற்கு 2 எனப் புள்ளியிட்டு வாக்கெடுங்கள். வென்ற நூலின் மேல் பொன்னிற வட்டத்தையும், அடுத்து வந்தவற்றின் மேல் வெள்ளி வட்டத்தையும் வையுங்கள் (இரவல் நூல், பசை வேண்டாம்). மெய்யான முடிவு வேறாக இருந்தால், பிள்ளைகளை வாதாட விடுங்கள்.