பெயர், ஊர், பூ: மூன்றையும் ஒரே பெட்டியில் தேடுவது எப்படி?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் மாமாவுக்காக ஒரு வலைச் செயலி எழுதினேன். அவர் கேட்டது ஒன்றுதான். "மாப்ள, பேரை அடிச்சாலும் ஊரை அடிச்சாலும் பூவை அடிச்சாலும் அந்த ஆளு வந்து நிக்கணும்."

அட்டவணைகள் மூன்று: ஊர் (எண், பெயர்), விவசாயி (எண், பெயர், ஊர்_எண், முன்பணம்), வரவு (விவசாயி_எண், பூ, கிலோ, தேதி). நான் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களும் இதிலேயே தொடங்குவதுதான் நல்லது.

முதலில் விவசாயியோடு ஊரை ஜாயின் செய்யுங்கள், அதாவது எண் பொருந்தும் வரிசைகளை இணையுங்கள். ஒருவருக்கு ஓர் ஊர்தான், வரிசை பெருகாது. ஊர் பதியாதவர்களும் வர வேண்டும் என்பதால் லெஃப்ட் ஜாயின்.

அடுத்தது வரவு. எனக்கு இரண்டு நாள் போனது இங்கேதான். அதையும் ஜாயின் செய்து 'மல்லி' என்று தேடினேன். ஒருவர் திங்களன்று 12 கிலோ, புதனன்று 9 கிலோ மல்லி போட்டிருந்தார். வரவில் இரண்டு வரிசை, அதனால் பட்டியலில் அவர் பெயரும் இரண்டு முறை. சரி, ஒரே மாதிரி வரிசைகளை ஒன்றாக்கும் டிஸ்டிங்க்ட் போட்டேன், பட்டியல் ஒழுங்காகிவிட்டது. ஆனால் கீழே முன்பணத்தைக் கூட்டும் இடத்தில் அவருடைய 5,000 ரூபாய் 10,000 ஆக நின்றது. கூட்டலுக்குள் டிஸ்டிங்க்ட் போட்டாலும் தப்புதான்: ஒரே தொகை வாங்கிய இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள்.

நமக்குத் தேவை வரவின் வரிசைகள் அல்ல. 'இவருக்கு அப்படி ஒரு வரவு உண்டா?' என்ற பதில் மட்டுமே. அதற்கு எக்ஸிஸ்ட்ஸ். கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள் (வி, ஊ, வ என்பவை அட்டவணைகளின் சுருக்கப் பெயர்கள்):

செலெக்ட் வி.பெயர், ஊ.பெயர், வி.முன்பணம்
ஃப்ரம் விவசாயி வி
லெஃப்ட் ஜாயின் ஊர் ஊ ஆன் ஊ.எண் = வி.ஊர்_எண்
வேர் வி.பெயர் லைக் $1
ஆர் ஊ.பெயர் லைக் $1
ஆர் எக்ஸிஸ்ட்ஸ் (செலெக்ட் 1 ஃப்ரம் வரவு வ
வேர் வ.விவசாயி_எண் = வி.எண் அண்ட் வ.பூ லைக் $1)

$1 என்பது தேடும் சொல்லுக்கான இடம்; அங்கே '%மல்லி%' என்று அனுப்புங்கள். % என்றால் அங்கே எந்த எழுத்துகளும் இருக்கலாம். பயனர் அடித்த சொல்லை நேரடியாகக் கட்டளையில் ஒட்டவே கூடாது. வேண்டுமென்றே எவரும் அதில் வேறு கட்டளையை நுழைத்துவிடலாம். அப்புறம், தேடலை வேகமாக்க வ.விவசாயி_எண் மீது இண்டெக்ஸ் போடுங்கள். அதை விவசாயி அட்டவணையோடு பிணைக்கும் ஃபாரின் கீ வைத்தாலும் போஸ்ட்கிரெஸ் அதற்குத் தானாக இண்டெக்ஸ் போடாது.

'மல்லி' என்று தேடினால் மல்லிகா என்ற பெயரும் வரும். அதனால் எந்தப் புலத்தில் பொருந்தியது என்பதைப் பெயருக்குப் பக்கத்தில் காட்டுகிறேன்.

பின்சேர்க்கை: 'கொட்டாம்பட்டி' கண்ணெதிரே இருந்தும் தேடினால் வரவில்லை என்று படித்த ஒருவர் எழுதியிருந்தார். 'கொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். நம் கண்ணுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு வேறு வேறு. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்க போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் சொல்லை அதன் வழியே அனுப்புங்கள், பழைய வரிசைகளையும் ஒருமுறை அப்படியே மாற்றிவிடுங்கள்.