இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் கிராவல் சைக்கிள்: முதல் பாதையை நீங்களே போடுவது எப்படி?

தார்ச் சாலையோடு சரளை, மண் பாதைகளிலும் ஓட்டத் தோதான அகல டயர் சைக்கிள்தான் கிராவல் சைக்கிள். அதை ஓட்ட ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது "எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்றுதான். இங்கிலாந்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மைல் கணக்கில் நீளும் சரளைச் சாலைகளை இங்கே பெரிய காடுகளுக்குள்தான் பார்க்க முடியும். மற்ற இடங்களில் இருப்பதெல்லாம் துண்டு துண்டான வழிகள்: பழைய குதிரைப் பாதைகள், ஆட்டு மந்தைகள் போன தடங்கள், மூடப்பட்ட ரயில் பாதைகள். இவற்றைக் குறுகலான தார்ச் சாலைகளால் இணைத்துத்தான் ஒரு சுற்று உருவாகும். எந்தத் துண்டில் போக நமக்கு உரிமை உண்டு, எந்தத் துண்டு மழையைத் தாங்கும் என்ற இரண்டும் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

படி 1: அம்புக்குறியின் நிறத்தைப் பாருங்கள்

வயல்வெளிக்குள் திரும்பும் பொதுவழியின் முனையில் பொதுவாக ஒரு கம்பம் இருக்கும். அதில் மஞ்சள் அம்பு இருந்தால் அது நடப்பவர்களுக்கான பாதை, சைக்கிளுக்கு உரிமை இல்லை. நீல அம்பு பிரைடில்வே, அதாவது குதிரைப் பாதை. ஊதா அம்பு, மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லாத பழைய வண்டிப்பாதை. சிவப்பு அம்பு, கார் உட்பட எல்லாமே போகலாம் என்ற வழி. நீலம், ஊதா, சிவப்பு மூன்றிலும் நாம் தாராளமாகப் போகலாம்.

பிரைடில்வேயில் சைக்கிளுக்கு இடம் கிடைத்தது 1968-ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டத்தால். அதிலேயே ஒரு நிபந்தனையும் உண்டு: நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் நாம் வழிவிட வேண்டும். மஞ்சள் அம்புப் பாதையில் ஓட்டினால் போலீஸ் பிடிக்குமா என்று சிலர் கேட்பார்கள். பொதுவாக அது நில உரிமையாளருக்கும் உங்களுக்கும் இடையிலான சிவில் விவகாரம், குற்றவழக்கு அல்ல. அதற்காகப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பாதைகளில் ஏறித் தாண்டவேண்டிய மரப்படிகள் ஏராளம். சைக்கிளைத் தூக்கித் தூக்கியே தோள் போய்விடும்.

இந்த விதிகள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு, அங்கே 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை மிகவும் விரிவானது.

படி 2: வரைபடத்தில் பச்சைக் கோடுகளைத் தேடுங்கள்

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் வேண்டும். ஆரஞ்சு அட்டை, அளவு 1:25,000. தரையில் 1 கி.மீ. என்பது தாளில் 4 செ.மீ. கைபேசிச் செயலியிலும் இதே வரைபடம் கிடைக்கிறது. இளஞ்சிவப்பு அட்டை போட்ட லேண்ட்ரேஞ்சர் 1:50,000 அளவு கொண்டது. நீண்ட பயணத்தின் மொத்த உருவத்தைப் பார்க்க அது நல்லது, முதல் பாதை போட உதவாது.

எக்ஸ்ப்ளோரரில் பச்சை நிறத்தில் குட்டிக் கோடுகள் வரிசையாக இருந்தால் நடைபாதை. நீளமான கோடுகள் என்றால் பிரைடில்வே. பச்சைப் புள்ளிகள் இருந்தால் அதுவும் பொதுமக்கள் போகும் வழிதான், ஆனால் சைக்கிளுக்கு உரிமை உண்டா என்பதை இடத்துக்கு இடம் சரிபார்க்க வேண்டும். பச்சை எதுவும் இல்லாமல் வெறும் கருப்புக் கோடுகளுக்கிடையே வெள்ளையாக ஒரு தடம் தெரிந்தால் ஏமாறாதீர்கள். அது ஏதோ ஒரு பண்ணையின் சொந்தச் சாலையாக இருக்கலாம்.

கோமூட், ஸ்ட்ராவா போன்ற செயலிகள் ஒரு நொடியில் பாதை போட்டுத் தந்துவிடும். போடட்டும். ஆனால் அவை சில நேரம் நடைபாதையையும் கூசாமல் சேர்த்துவிடும். அதனால் செயலி தந்த கோட்டை எக்ஸ்ப்ளோரருடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் செயற்கைக்கோள் படத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தால் தடம் வெள்ளையாக இருக்கிறதா, புல் மூடியிருக்கிறதா, உழவுக்குள் மறைந்துவிட்டதா என்று தெரியும்.

படி 3: மண்ணைக் கேளுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான படி. பலரும் இதைத்தான் தாண்டிவிடுகிறார்கள்.

இங்கிலாந்தின் தெற்கில் வில்ட்ஷயர், பெர்க்ஷயர், ஹாம்ப்ஷயர், சசெக்ஸ் வழியாக ஒரு சுண்ணப்பாறை மேடு ஓடுகிறது. இந்தப் பாறை தண்ணீரை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் மேட்டின் முதுகில் போகும் பாதைகள் சீக்கிரம் காயும். ஆனால் மழை பெய்துகொண்டிருக்கும்போது ஈரச் சுண்ணம் சோப்புத் தேய்த்த தரைதான், சரிவில் பிரேக்கைப் பட்டென்று பிடிக்கக் கூடாது. மேட்டின் அடிவாரத்தில் களிமண். குளிர்காலத்தில் அது டயரில் அப்பி, ஃபோர்க்கில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். சசெக்ஸ், கென்ட் மாவட்டங்களின் வீல்ட் பகுதியும் இப்படித்தான். நார்ஃபோக்கின் தெட்ஃபோர்ட் காட்டுப் பக்கம் மணல் கலந்த மண், அங்கே மழைக்காலத்திலும் ஓட்டலாம்.

ஆக, மே முதல் செப்டம்பர் வரை சுண்ண மேடு. குளிர்காலத்தில் மணல் நிலம் அல்லது பழைய ரயில் பாதை. டிசம்பரில் 4 மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படி 4: முதல் நாள், ரயில் பாதை

டெர்பிஷயரில் ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 21 கி.மீ. போகும் டிஸ்ஸிங்டன் டிரெயில் தொடக்கத்துக்கு அருமையானது. 1899-இல் திறந்த ரயில் பாதை அது. ரயில் நின்றபின் தண்டவாளத்தை எடுத்துவிட்டு 1971-இல் மக்களுக்குத் திறந்தார்கள். ரயிலுக்காகப் போட்ட வழி என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் வரும். வடக்கே போகப் போக ஏறும், திரும்பும்போது பெரும்பாலும் இறக்கம்தான். இரு முனையிலும் வாடகை சைக்கிள் கிடைக்கிறது, அதனால் சொந்த சைக்கிள்கூடத் தேவையில்லை. ஒரே குறை, ஆஷ்போர்னுக்கு ரயில் கிடையாது. டெர்பியிலிருந்து பஸ், இல்லையென்றால் கார்.

பார்ஸ்லி ஹேயில் ஹை பீக் டிரெயில் வந்து சேரும். அதுவும் பழைய ரயில் பாதைதானே என்று கிராம்ஃபோர்ட் முனையிலிருந்து தொடங்கிவிடாதீர்கள். அங்கே 8 அடிக்கு 1 அடி என்ற அளவில் செங்குத்து ஏற்றம். ரயில் பெட்டிகளையே மேட்டில் ஒரே இடத்தில் நிற்கும் இயந்திரம் வைத்துக் கயிறு கட்டித்தான் இழுத்திருக்கிறார்கள்.

படி 5: இரண்டாம் முறை, உங்கள் சொந்தச் சுற்று

இப்போது ரிட்ஜ்வே. எய்வ்பரிக்குப் பக்கத்திலிருந்து ஐவிங்ஹோ பீக்கன் வரை 139 கி.மீ. நீளும் தேசியப் பாதை. தேம்ஸ் நதிக்கு மேற்கே இருக்கும் பாதி சைக்கிளுக்கு ஏற்றது. கிழக்குப் பாதியில் பல இடங்கள் வெறும் நடைபாதை.

ரெடிங்கிலிருந்து உள்ளூர் ரயிலில் கோரிங் அண்ட் ஸ்ட்ரீட்லி நிலையத்தில் இறங்குங்கள். பாலத்தில் தேம்ஸைக் கடந்து ஸ்ட்ரீட்லி, அங்கிருந்து ரெக்டரி ரோடு. தார் முடிந்ததும் நீண்ட ஏற்றம். கியரை இறக்கிவிட்டு உட்கார்ந்தபடியே மிதியுங்கள். எழுந்து நின்றால் பின்சக்கரம் வழுக்கும். மேலே காம்ப்டன் மேட்டுக்கு வந்ததும் வானம் திறந்துவிடும். ஏ34 நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும்வரை மேற்கே போகலாம். அங்கிருந்து தெற்கே ஈஸ்ட் இல்ஸ்லி கிராமத்துக்கு இறங்க வேண்டும். எந்தப் பச்சைக் கோட்டில் இறங்குவது என்பதை நான் சொல்லப் போவதில்லை, படி 2-க்கான பரீட்சை அது. ஒரு காலத்தில் பெரிய ஆட்டுச் சந்தை நடந்த ஊர், பப்பில் சாப்பாடு கிடைக்கும். அங்கிருந்து காம்ப்டன், ஆல்டுவொர்த் வழியாகச் சாலையிலேயே ஸ்ட்ரீட்லிக்குத் திரும்பலாம். மொத்தம் சுமார் 30 கி.மீ. கடைசி இறக்கம் செங்குத்து, கார்களும் வரும்.

மேற்கே போவதில் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான். மொட்டை மேட்டில் எதிர்க்காற்றைக் கால் புதிதாக இருக்கும்போதே வாங்கிக்கொண்டால், திரும்பும்போது அதுவே முதுகில் தள்ளும்.

படி 6: சைக்கிள், டயர்

சரி, இப்போது சைக்கிள். 40 மி.மீ. டயர் போட முடிகிற எதுவும் போதும். மவுண்டன் பைக் இருந்தால் அதையே எடுங்கள். கவனம் வேண்டியது டயரில்தான்: சுண்ண மேட்டில் கிடக்கும் சிக்கிமுக்கிக் கற்கள் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும், இலையுதிர்காலத்தில் வேலிச் செடிகளை வெட்டும்போது முட்கள் பாதையெங்கும் கிடக்கும். டியூப்லெஸ் நல்லது. இல்லையென்றால் இரண்டு டியூப், பம்ப், டயர் லீவர். தண்ணீர் 2 லிட்டர், மேட்டின் மேல் கடை எதுவும் கிடையாது.

படி 7: வழியில்

கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள்.

குதிரைதான் கவனிக்க வேண்டிய ஆள். ரிட்ஜ்வேயை ஒட்டிப் பந்தயக் குதிரைகளின் பயிற்சி மைதானங்கள் உண்டு. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் சைக்கிள் அதற்கு வேட்டை மிருகம் மாதிரி. தூரத்திலேயே "ஹலோ" என்று குரல் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை அமைதியாகும், சவாரி செய்பவருக்கும் நேரம் கிடைக்கும். அவர் சைகை காட்டியபின் மெதுவாக, அகலமாக விலகிக் கடந்து போங்கள். எதிரே வந்தால் நின்றுவிடுங்கள்.

ரயில் ஏறும் முன் செயினைத் துடைத்துவிடுங்கள், சுண்ணச் சேறு காய்ந்தால் சிமெண்டாகப் பிடித்துக்கொள்ளும். வார நாட்களில் நெரிசல் நேர ரயில்களில் மடிக்காத சைக்கிளை ஏற்ற விடாமல் போகலாம், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.