எம்.ஏ. ஆங்கிலம் சேரும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேல்படிப்புக்குக் கிளம்பும் கடலூர்ப் பக்கத்து ஆங்கில ஆசிரியர்கள் முதலில் விசாரிப்பது கட்டணத்தை. பட்டத்தின் பெயரைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியராக, இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும், அதோடு பி.எட்.டும் வேண்டும். வேதியியல் படித்துவிட்டுத் தனியார் பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவர் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தாலும் அந்தப் பணிக்குத் தகுதி பெறமாட்டார். மொழியியல், பயன்பாட்டு ஆங்கிலம் என்று பெயர் சற்றே மாறினாலும் வம்புதான். உங்கள் பட்டம் எம்.ஏ. ஆங்கிலத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

கடலூர் மாவட்டத்துக்கு அஞ்சல்வழிப் படிப்பு புதிதல்ல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதை 1979-இலேயே தொடங்கிவிட்டது. அப்பா படித்தார், அத்தை படித்தார் என்பதெல்லாம் இன்றைக்குச் சான்றாகாது. எந்தப் பல்கலைக்கழகமானாலும், நீங்கள் சேரும் கல்வியாண்டில் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்க வேண்டும்.

நேரடி வகுப்புக்கு ஆசைப்படுபவர்கள் தூரத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் நிலையம் பக்கம்தான். மத்தியப் பல்கலைக்கழகமோ ஊரைத் தாண்டிக் காலாப்பட்டில் இருக்கிறது. வேலையை விடாமல் அங்கே பகல் வகுப்புக்குப் போய்வர முடியாது. சேர்க்கையும் க்யூட் நுழைவுத்தேர்வு வழியாக நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் அந்தத் தேர்வு மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. கோடை விடுமுறையில் விசாரிக்கலாம் என்றிருந்தால் ஓராண்டு போய்விடும்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் துறையின் முன் அனுமதி இல்லாமல் சேரக் கூடாது. கூடுதல் பட்டத்துக்குத் தரப்பட்ட ஊக்க ஊதிய உயர்வை நம்பியும் சேர வேண்டாம். தமிழக அரசு அதை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது.

இவற்றைவிடப் பெரிய தவறாக எனக்குப் படுவது, இலக்கியப் பட்டம் பெற்றால் மொழி கற்பிக்கும் திறன் தானாக வரும் என்ற நம்பிக்கை. எம்.ஏ. பாடத்திட்டம் பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரில் தொடங்கி இலக்கியக் கோட்பாட்டில் முடியும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பத்தியைக்கூடத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளையை என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இராது. அதற்கென்றே உள்ளவை ஆங்கிலம் கற்பித்தலுக்கான முதுகலைப் பட்டயப் படிப்புகள்; ஐதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இத்துறையில் பழுத்த அனுபவம் உள்ளது. பதவி உயர்வுக்கு எம்.ஏ., வகுப்பறைக்குப் பட்டயம் என்று பிரித்துத் திட்டமிடுபவர் புத்திசாலி.

எம்.ஏ.வையும் கைடை வைத்தே ஒப்பேற்றுபவர்கள் நிறையப் பேர். நாடகத்தைத் திறக்காமலே அதன் நாயகனைப் பற்றி ஆறு பக்கம் எழுதிவிடுகிறார்கள்! மாணவரிடம் மட்டும் நோட்ஸ் மனப்பாடம் செய்யாதே என்று கண்டிப்பார்கள். இதில் மதிப்பெண் குறையும் நடைமுறை நஷ்டமும் உண்டு. பள்ளிப் பணிக்கு 50 சதவீதம் போதும். கல்லூரி ஆசிரியராகப் போக நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதப் பொதுப் பிரிவினருக்கு முதுகலையில் 55 வேண்டும். புதுச்சேரியில் 1827 முதல் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் மூலநூலோடு அங்கே உட்காரலாம்.

பிஎச்.டி.க்கு முந்தைய ஆய்வுப் பட்டமான எம்.பில். சேரலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். யுஜிசி 2022 விதிமுறைகளில் அதைக் கைவிட்டுவிட்டது. பகுதிநேர பிஎச்.டி. உண்டு, அதற்குப் பணியிடத்தின் தடையில்லாச் சான்று தேவை. அஞ்சல்வழி பிஎச்.டி. என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.